தோட்டத்துக் கோயில் சாமிமாரின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

மலேசியாவில் நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பகாவ் பக்கம் ஒரு தோட்டத்துக் கத்தோலிக்கக் கோயிலில் பூசை வைத்த சாமிமார், அதாவது குருக்கள், யார் யார், எப்போது வந்தார்கள், என்ன செய்தார்கள், எங்கே அடக்கமானார்கள் என்று தொகுத்து முடித்திருக்கிறேன். அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் இதே வேலையைத் தொடங்கிய பலருக்கு உதவியும் செய்தேன். எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள், அதனால் இதை எழுதுகிறேன்.

விழா மலர்களில் வழக்கமாக ஒரு பக்கம் இருக்கும்: "இங்கு பணியாற்றிய குருக்கள்" என்று தலைப்புப் போட்டுப் பெயர்களை அடுக்கியிருப்பார்கள். பாதிப் பேருக்கு ஆண்டு இருக்காது, இருக்கும் ஆண்டும் முந்தைய மலரிலிருந்து அப்படியே எடுத்ததாக இருக்கும். சாமி வராத நாட்களில் கோயிலைக் கவனித்த உபதேசியார் பெயர் எங்குமே இருக்காது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் குடியிருந்த லயம் இடிந்து, ஆட்கள் டவுனுக்கும் சிரம்பானுக்கும் போய்விட்ட இடங்களில் இந்தப் பெயர்களையும் விட்டுவிட்டால் பிறகு எடுக்க வழியில்லை. ஆகவே சரியாகச் செய்ய வேண்டும், அதற்கு ஒரு வரிசை இருக்கிறது: முதலில் ஆண்டு, அப்புறம் ஆள், கடைசியில்தான் கதை.

கத்தோலிக்கக் கோயிலை வைத்தே எழுதுகிறேன். மெதடிஸ்ட் சபைக்காரர்களுக்கு வேலை கொஞ்சம் சுலபம், ஏனென்றால் எந்தப் போதகர் எந்த ஊருக்கு நியமிக்கப்பட்டார் என்பது அவர்களுடைய ஆண்டு மாநாட்டு அறிக்கைகளில் வருஷா வருஷம் அச்சாகிவிடுகிறது. மற்ற படிகள் அவர்களுக்கும் பொருந்தும்.

1. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

பங்குச்சாமியாருக்கு, அதாவது அந்த வட்டாரத்துக்குப் பொறுப்பான குருவுக்கு, ஒரு கடிதம். வாய்வார்த்தை போதாது. அவர் மாற்றலாகிப் போனால் அடுத்து வருபவரிடம் நீங்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். கடிதத்தில் மூன்றைத் தனித்தனியாகக் கேளுங்கள்: பதிவேடுகளைப் பார்ப்பது, படம் எடுப்பது, எடுத்ததை வெளியிடுவது. ஒன்றுக்குக் கிடைத்த அனுமதி மற்றதற்கு ஆகாது. தவக்காலத்திலும் திருவிழா வாரத்திலும் போய் நிற்காதீர்கள், அலுவலகத்தில் யாருக்கும் நேரம் இருக்காது.

பென்சில், கட்டம் போட்ட பெரிய நோட்டு, கைபேசி, சின்ன டார்ச் லைட், சுத்தமான பருத்தித் துணி. பேனா வேண்டாம், மை சிந்தினால் அந்தப் பக்கம் போனது போனதுதான். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிற பழக்கம் இருந்தால் அதை அலுவலக வாசலிலேயே விட்டுவிடுங்கள். கிழிந்த பக்கத்தைப் பார்த்ததும் உதவி செய்கிறேன் என்று செலோடேப் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கொஞ்ச வருஷத்தில் அந்தப் பசை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். பழைய போட்டோவை லாமினேட் செய்வதும் அதே கேடுதான்.

2. எல்லையைக் கட்டுங்கள்

ஒரு கோயில், ஒரு காலம். "நெகிரி செம்பிலானில் தமிழ்க் கிறிஸ்தவம்" என்று ஆரம்பித்தவர் யாரும் முடித்ததை நான் பார்த்ததில்லை.

அடுத்து, அந்தக் கோயில் எந்தப் பங்கின் கீழ் இருந்தது என்று கண்டுபிடியுங்கள். தோட்டத்துக் கோயிலுக்குப் பெரும்பாலும் சொந்தப் பதிவேடு இருக்காது. ஞானஸ்நானமும் மெய்விவாகமும் (கோயில் திருமணமும்) தாய்ப் பங்கின் ஏட்டில், தோட்டத்தின் பெயரோடு எழுதப்பட்டிருக்கும். பங்கு எல்லைகளும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. இன்று பகாவ் பங்கில் இருக்கும் ஒரு தோட்டம் அன்று வேறு டவுனின் கீழ் இருந்திருக்கலாம்.

மேல்மட்டத்திலும் அப்படித்தான். 1888இல் மலாக்கா மறைமாவட்டம் மீண்டும் நிறுவப்பட்டபோது ஆயர் இருந்தது சிங்கப்பூரில். 1955இல்தான் கோலாலம்பூரும் பினாங்கும் தனித்தனி மறைமாவட்டங்களாகப் பிரிந்தன. 1972இல் சிங்கப்பூர் தனியாகி, மலாக்கா-ஜொகூர் என்ற மறைமாவட்டம் உருவானது. நம் பக்கத்துச் சாமி 1930இல் ஆயருக்கு எழுதிய கடிதத்தைக் கோலாலம்பூரில் தேடிவிட்டு "ஒன்றும் இல்லை" என்று திரும்பி வருவது இதனால்தான். அந்தக் கடிதம் போனது சிங்கப்பூருக்கு.

உபதேசியார்களையும் எல்லைக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. சாமி மாதத்துக்கு ஒரு தடவையோ மூன்று மாதத்துக்கு ஒரு தடவையோ வந்து போனார். அந்த இடைவெளியில் செபம் சொல்லிக் கொடுத்து, சாகக் கிடந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளைகளை நன்மைக்கு (நற்கருணைக்கு) தயார் செய்தவர் உபதேசியார். அவரை விட்டுவிட்டு எழுதினால் பாதி வரலாறுதான் வரும்.

3. ஆண்டுக்கோடு போடுங்கள்

எந்தச் சாமி எப்போதிலிருந்து எப்போது வரை இருந்தார் என்று வரிசையாகக் காட்டும் கோடு இது. இதுதான் முழு வேலைக்கும் முதுகெலும்பு. ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து, உங்கள் தோட்டத்தின் பெயர் வரும் பதிவுகளை மட்டும் நோட்டில் இறக்குங்கள். தேதி, பதிவு எண், தோட்டம், கையெழுத்துப் போட்ட சாமி, ஞானத்தகப்பன் பெயர், ஓரக்குறிப்பு என்று ஆறு கட்டம் போதும். குழந்தையின் பெயர் இப்போதைக்குத் தேவையில்லை.

கையெழுத்து ஏன் முக்கியம் என்றால், நினைவில் இருந்து சொல்லும் ஆண்டு ஐந்தாறு வருஷம் இப்படி அப்படிப் போகும், கையெழுத்தோ அன்றைக்கு அந்த ஆள் அங்கே நின்றதற்குச் சாட்சி. ஒரு சாமியின் முதல் கையெழுத்தையும் கடைசிக் கையெழுத்தையும் குறித்துவிட்டால் அவருடைய காலம் கிடைத்துவிடும்.

இங்கே புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, ஒரே ஒரு கையெழுத்தைப் பார்த்து "இவரும் இங்கே பணியாற்றினார்" என்று பட்டியலில் சேர்ப்பது. விருந்தாளியாக வந்தவர், திருவிழாப் பிரசங்கத்துக்கு வந்தவர், பங்குச்சாமி காய்ச்சலில் படுத்தபோது உதவிக்கு வந்தவர் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். மாதக்கணக்கில் தொடர்ச்சியாக வரும் கையெழுத்தை மட்டும் பொறுப்பில் இருந்தவர் என்று எடுத்துக்கொண்டு, மற்றவர்களைத் தனிப்பட்டியலில் வையுங்கள்.

நோட்டில் இறக்கிக்கொண்டே போகும்போது இரண்டு விஷயம் தானாகத் தெரிய ஆரம்பிக்கும். ஒன்று, ஒரே தேதியில் ஒரே தோட்டத்தின் பெயரில் ஏழெட்டுக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம், அப்புறம் பல வாரம் ஒன்றுமில்லை, மறுபடி ஒரே தேதியில் ஒரு கூட்டம். அந்தத் தேதிகள் சாமி தோட்டத்துக்கு வந்த நாட்கள். வரிசையாக எழுதிப் பார்த்தால் அவர் எத்தனை வாரத்துக்கு ஒரு தடவை வந்தார், எந்தத் தோட்டத்தை முடித்துவிட்டு எந்தத் தோட்டத்துக்குப் போனார் என்று அவருடைய சுற்றுப்பாதையே கிடைத்துவிடும். இதை எந்த விழா மலரும் சொல்லாது.

இரண்டாவது, ஒரே ஞானத்தகப்பன் பெயர் திரும்பத் திரும்ப வரும். ஒருவருக்கு இத்தனை ஞானப்பிள்ளைகளா என்று யோசிக்காதீர்கள். அவர் உபதேசியாராகவோ தோட்டத்து எழுத்தரான கிராணியாராகவோ கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளையாகவோ இருக்க வாய்ப்பு மிக அதிகம். பெயரைக் குறித்து வையுங்கள், ஆறாவது படியில் தேவைப்படும்.

4. எழுத்தைப் படிக்கப் பழகுங்கள்

1960களின் நடுப்பகுதி வரை பதிவுகள் லத்தீனில் இருக்கும், எழுதியவர் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர். பார்த்ததும் பயந்துபோய் ஏட்டை மூடிவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. ஒரே வாக்கியம்தான் ஆயிரம் தடவை வருகிறது: இந்த நாளில், இன்னாருக்கும் இன்னாருக்கும் பிறந்த குழந்தைக்கு, கீழே ஒப்பமிட்ட நான் ஞானஸ்நானம் கொடுத்தேன். தெளிவாக எழுதப்பட்ட ஒரு பக்கத்தை எடுத்து, தெரிந்தவர் ஒருவரோடு உட்கார்ந்து ஒரு மாலை நேரம் படித்துவிட்டால் மற்றதெல்லாம் ஓடும். கையெழுத்துக்குக் கீழே "மிஸ். அப்." என்று சுருக்கி எழுதியிருந்தால் அவர் மிஷனரிச் சாமி, இந்த மண்ணில் படித்து வந்தவர் அல்ல.

ஆள்விழுங்கிக் குழிகள் வேறு இடத்தில் இருக்கின்றன.

மாதம். 7 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக "பிர்" என்று முடியும் எழுத்துகள் இருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். அதே மாதிரி 8 என்றால் அக்டோபர், 9 என்றால் நவம்பர், ரோமன் பத்து என்றால் டிசம்பர். பழைய ரோமன் கணக்கில் எழுதும் வழக்கம் அது. இது தெரியாமல் இறக்கினால் உங்கள் ஆண்டுக்கோட்டில் ஒரு சாமி ஊருக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்பே பூசை வைத்துக்கொண்டிருப்பார்.

எண்கள். பிரெஞ்சுக்காரர் எழுதும் 1, மேலே நீளமாகக் கொக்கி போட்டு நம் கண்ணுக்கு 7 மாதிரி இருக்கும். அவர் எழுதும் 7க்கு நடுவில் ஒரு குறுக்குக்கோடு இருக்கும். சந்தேகம் வந்தால் முன்னும் பின்னும் உள்ள பதிவு எண்களைப் பாருங்கள், வரிசை தானே சொல்லிவிடும்.

பெயர்கள். லயத்தில் ராயப்பன் என்று கூப்பிட்டவர் ஏட்டில் பேத்ருஸ் என்று இருப்பார். சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேப்புஸ், ஞானப்பிரகாசம் அலோயிசியுஸ். சில சாமிமார் தமிழ்ப் பெயரையே பிரெஞ்சு உச்சரிப்பில் எழுதியிருப்பார்கள், புதுச்சேரிப் பத்திரங்களில் பார்க்கிற மாதிரி. எழுத்தைப் பார்க்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

ஓரக்குறிப்புகளை விடாதீர்கள். திருமணத்தை ஞானஸ்நானப் பதிவிலேயே குறிக்க வேண்டும் என்று 1908இல் நடைமுறைக்கு வந்த ஒரு விதி இருக்கிறது. அதனால் ஒரு குழந்தையின் பதிவு ஓரத்தில், இருபது வருஷம் கழித்து அவர் எந்த ஊரில் யாரைக் கட்டினார் என்று இன்னொரு சாமியின் கையில் எழுதியிருக்கும். எந்தப் பங்கில் எந்தச் சாமி இருந்தார் என்று தெரிந்துகொள்ள இதுவும் ஒரு வழி.

சாகும் ஆபத்தில் கொடுத்த ஞானஸ்நானத்தையும் கவனியுங்கள். உபதேசியாரோ மருத்துவச்சியோ தண்ணீர் ஊற்றியிருப்பார், குழந்தை பிழைத்ததும் சாமி வந்து மீதிச் சடங்கை முடித்திருப்பார். கையெழுத்து சாமியுடையது, தேதி இரண்டு இருக்கும். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

5. ஜப்பான் காலத்துக்கு இடம் விடுங்கள்

1941 டிசம்பரிலிருந்து 1945 செப்டம்பர் வரை கோடு பல இடங்களில் அறுந்து போகும். அரசாங்கத்துப் பத்திரங்களில் 2602, 2603 என்று ஜப்பான் ஆண்டு இருந்தால் 660ஐக் கழித்துக்கொள்ளுங்கள், 2602 என்பது 1942. ஜப்பான்காரர்கள் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போகப்பட்ட ஆண்களின் மரணம் பெரும்பாலும் எந்த ஏட்டிலும் இல்லை. போருக்குப் பிறகு கைம்பெண்கள் மறுமணம் செய்த பதிவுகளில்தான் அந்த இறப்புகள் தலை காட்டுகின்றன. அந்தப் பதிவுகளைப் பொறுமையாகப் படியுங்கள்.

பகாவ் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு குழப்பம் வரும். 1943 டிசம்பர் முதல் சிங்கப்பூரிலிருந்து யுரேசியக் கத்தோலிக்கரும் சீனக் கத்தோலிக்கரும் இங்கே காட்டை வெட்டிக் குடியேற்றப்பட்டார்கள். ஃபுஜி கிராமம் என்று அதற்குப் பெயர். மலாக்கா ஆயர் ஏட்ரியன் டெவால்ஸ் தன் மக்களோடு தானும் வந்து மண்ணைக் கொத்தினார். மண்வெட்டி காலில் பட்ட காயம் முற்றி 1945 ஜனவரியில் இறந்தார். மலேரியாவும் பட்டினியும் அந்தக் குடியேற்றத்தில் பலரைக் கொண்டு போனது. அந்தக் குடியேற்றத்தில் இருந்த சாமிமாரையும் தோட்டத்துத் தமிழர்களுக்குப் பூசை வைத்த சாமிமாரையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள். ஒருவரே இரண்டு இடத்துக்கும் போயிருந்தால் அதற்குக் கையெழுத்துச் சாட்சி வேண்டும்.

கிடைக்காத வருஷத்தைக் காலியாக விடுங்கள். முன்னும் பின்னும் இருக்கும் சாமிகளை இழுத்துப் பிடித்து இடைவெளியை அடைக்கிறவர்கள்தான் அதிகம். அடுத்து வருபவர் அந்த அடைப்பை உண்மை என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

6. இப்போது பெரியவர்களிடம் போங்கள்

எல்லாரும் இதைத்தான் முதலில் செய்கிறார்கள். கொடி கட்டாமல் துணி காயப்போடுகிற கதைதான் அது. கேட்ட கதைகளைத் தொங்கவிட ஆண்டுக்கோடு இல்லாவிட்டால், எல்லாம் "அந்தக் காலத்தில்" என்ற ஒரே குவியலாகக் கிடக்கும். ஒரே விதிவிலக்கு: தொண்ணூறு வயதைத் தொட்டவர், உடம்பு முடியாதவர் இருந்தால் வரிசையை மறந்துவிட்டு இந்த வாரமே போய்ப் பேசுங்கள்.

ஆண்டைக் கேட்காதீர்கள். "பாட்டி, அந்தச் சாமி எந்த வருஷம் வந்தாரு?" என்றால் "அதெல்லாம் யாருக்குய்யா தெரியும், நான் என்ன படிச்சவளா" என்று பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பசியாறினீர்களா என்று கேட்டு, உட்கார்ந்து, பிள்ளைகளைப் பற்றிப் பேசிவிட்டு, இப்படிக் கேளுங்கள்:

"பாட்டி, உங்க மூத்த மகளுக்குத் தலையில தண்ணி ஊத்துனது எந்தச் சாமி?"

"தாடிக்காரச் சாமி. மோட்டார் சைக்கிள்ல வருவாரு. கேட்டுல அவரையே நிப்பாட்டிப் பையைத் திறந்து பாப்பான். அப்ப கம்பி வேலியில்ல போட்டிருந்தாங்க, வெளிக்காட்டுக்குச் சோறு கட்டிக்கிட்டுப் போக விடமாட்டாங்க."

இந்த நாலு வரியில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். கம்பி வேலி, சோற்றுக்குத் தடை என்றால் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம், 1948க்கும் 1960க்கும் நடுவில். மகளின் பெயரை வைத்துப் பதிவைத் தேடினால் தேதி கிடைக்கும், தேதியோடு கையெழுத்து கிடைக்கும், தாடிக்காரச் சாமிக்குப் பெயர் கிடைத்துவிடும். மூன்றாவது படியில் குறித்து வைத்த ஞானத்தகப்பன் பெயரையும் இங்கே சொல்லிப் பாருங்கள். "அவரா, அவருதான் உபதேசியாரு, கோயிலுக்குப் பின்னாடி வீடு" என்று பதில் வரும்போது நோட்டில் இருந்த ஒரு பெயர் ஆளாக மாறிவிடும்.

காலத்தைப் பிடிக்க உதவும் கொக்கிகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஜப்பான்காரன் வந்தது, கம்பி வேலி, 1957 சுதந்திரம், லத்தீன் பூசை தமிழுக்கு மாறி சாமி மக்களைப் பார்த்து நின்று பூசை வைக்க ஆரம்பித்தது, 1969 மே, 1971 ஜனவரி வெள்ளம், தோட்டம் கைமாறியது, பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டது. "தமிழ்ப் பூசை வந்தப்ப எந்தச் சாமி?" என்ற ஒரு கேள்விக்கு எழுபது வயதைத் தாண்டிய யாரும் பதில் வைத்திருப்பார்கள், ஏனென்றால் அது எல்லாரையும் உலுக்கிய மாற்றம்.

ஒரு எச்சரிக்கை. தாடிச்சாமி, கோவக்காரச் சாமி, மிட்டாய்ச் சாமி மாதிரி பட்டப்பெயர்கள் ஒரே ஆளுக்குச் சொந்தமல்ல. தாடி வைத்த பிரெஞ்சுச் சாமிகள் பலர். இரண்டு பேர் சொல்லும் தாடிச்சாமி ஒரே சாமியா என்று ஆண்டுக்கோட்டில் வைத்துப் பார்க்காமல் சேர்க்காதீர்கள்.

குழுவாக உட்காரவைத்துக் கேட்பதையும் தவிருங்கள். சத்தமாகப் பேசுகிறவரின் நினைவு மற்றவர்களின் நினைவாகிவிடும். பெண்களைத் தனியே கேளுங்கள். சாமி வந்தால் யார் சமைத்தது, எங்கே தங்கினார், என்ன சாப்பிட்டார், யாரைத் திட்டினார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

7. கல்லறைக்கு நேரில் போங்கள்

கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரோ சொன்னதை எழுதாதீர்கள். ஜி. யு. போப் கல்லறையில் "இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்" என்று பொறித்திருப்பதாக நம் பாடநூல் வரை ஏறிவிட்டது. 1908இல் இறந்த அவர் ஆக்ஸ்போர்டு செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாகியிருக்கிறார், அந்தக் கல்லில் அப்படி ஒரு வரி இல்லை. அவருடைய வாழ்நாள் உழைப்பைப் பாராட்டி, குடும்பத்தாரும் தென்னிந்தியாவின் தமிழ் நண்பர்களும் சேர்ந்து கல் வைத்ததாகத்தான் எழுதியிருக்கிறது. தமிழ் நண்பர்கள் கடல் தாண்டி ஒரு பாதிரியாருக்குக் கல் வைத்தார்கள் என்பது அந்தக் கற்பனை வரியைவிடப் பெரிய செய்தி. நேரில் பார்க்காததால் அது நமக்குக் கிடைக்காமலே இருந்தது.

காலை ஏழு எட்டு மணிக்கோ மாலையிலோ போங்கள். வெயில் சாய்வாக விழும்போது தேய்ந்த எழுத்தின் நிழல் தெரியும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தாலும் சரி. பாசியைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், சுண்ணாம்பு மாவு பூசாதீர்கள், இரண்டும் கல்லைத் தின்னும். தண்ணீரும் துணியும் போதும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் எல்லாக் குடும்பமும் சுத்தம் செய்ய வரும். தகவல் கேட்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

8. சுரூபங்களும் படங்களும்

கோயிலில் இருக்கும் குருவானவர் சுரூபம் (சிலை) யாருடையது என்று தெரியாமல் எல்லாவற்றையும் "சவேரியார்" என்று எழுதிவிடுகிறார்கள். சவேரியார் பெரும்பாலும் கறுப்பு அங்கியும் வெள்ளை மேலாடையும் அணிந்து, கையில் பாடுபட்ட சுரூபத்தை, அதாவது இயேசு தொங்கும் சிலுவையை, உயர்த்திப் பிடித்திருப்பார். மலாக்கா புனித பவுல் குன்றுக் கோயிலில்தான் அவர் உடல் 1553இல் சில மாதம் அடக்கமாகியிருந்தது, அதனால் நம் நாட்டில் அவர் சுரூபம் அதிகம். காவி உடையும் பக்கத்தில் வாளும் என்றால் அருளானந்தர், 1693இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டவர். பழுப்பு அங்கி, கையில் குழந்தை இயேசு, லீலிப்பூ என்றால் அந்தோணியார்.

பீடத்தில் உள்ள எழுத்தைப் படியுங்கள். அருளானந்தருக்கு முத்திப்பேறு பட்டம் 1853இல், புனிதர் பட்டம் 1947இல். "புனித" என்றோ "அர்ச்சியசிஷ்ட" என்றோ பீடத்தில் இருந்தால் அந்த எழுத்து 1947க்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். தோட்டத்தில் அருளானந்தர் சுரூபம் இருந்தால் இராமநாதபுரம் பக்கத்துக் குடும்பங்கள் இருந்தனவா என்றும் விசாரியுங்கள், ஓரியூர் பக்தியைக் கூடவே கொண்டு வந்திருப்பார்கள்.

சாமிமாரின் போட்டோவுக்கு முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் முக்கியம். ஸ்டூடியோ முத்திரை, தேதி, யாருக்குக் கொடுத்தது என்று பென்சிலில் எழுதியிருக்கும். சட்டத்தோடு படம் எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். குழுப்படத்தில் யார் யார் என்பதை வரிசை வரிசையாக, இடமிருந்து வலமாக, குறைந்தது இரண்டு பேரிடம் தனித்தனியே கேளுங்கள்.

சிற்பமும் ஓவியமும் சாட்சிதான், ஆனால் யார் செய்யச் சொன்னார்கள் என்பதற்குச் சாட்சி. தஞ்சாவூரில் ஜெர்மன் மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயரின் நினைவுச் சிற்பத்தில், 1798இல் மரணப்படுக்கையில் கிடக்கும் அவர் பக்கத்தில் சரபோஜி மன்னர் நிற்கிறார். லண்டனில் ஜான் ஃபிளாக்ஸ்மன் செதுக்கியது. மன்னர் அவரை எவ்வளவு நேசித்தார் என்பதை அது காட்டுகிறது. அந்த அறையில் அன்று யார் எங்கே நின்றார்கள் என்று எழுத அதை ஆதாரமாக எடுக்கக் கூடாது. உங்கள் கோயில் சுவரில் இருக்கும் படத்துக்கும் அதே கேள்வியைப் போடுங்கள்.

9. பாட்டு, நாடகம், கையெழுத்து நோட்டு

"இந்தப் பாட்டு நம்ம சாமி எழுதினது" என்று சொல்லும் பாட்டில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வந்ததாக இருக்கும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பாடல்கள் சபை எல்லை பார்க்காமல் பரவியவை, அவர் குருப்பட்டம் பெற்றவரும் அல்ல. சாமி பெயரைப் போடும் முன் பழைய பாட்டுப் புத்தகங்களில் முதல் அடியைத் தேடுங்கள். பாஸ்கா நாடகம், மூவிராசாக்கள் நாடகம் போட்ட தோட்டங்களில் கையெழுத்துப் பிரதி யார் வீட்டிலாவது டிரங்குப் பெட்டியில் கிடக்கும். ஆசிரியர் பெயர் இல்லாவிட்டாலும் பிரதி எடுத்தவர் பெயரும் தேதியும் கடைசிப் பக்கத்தில் இருக்கும். பல சமயம் அது உபதேசியார் பெயராக இருக்கும்.

பெரிய ஆட்களைப் பற்றிய கதையும் இப்படித்தான் வளர்கிறது. வீரமாமுனிவர் 1747இல் இறந்தார், தமிழில் அவர் வாழ்க்கை வரலாறு 1822இல் எழுதப்பட்டது. அவர் திருச்சியை ஆண்ட சந்தா சாகிபிடம் திவானாக இருந்தார் என்பது போன்ற செய்திகளை ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். தேம்பாவணியின் 3,615 பாட்டும் சதுரகராதியும் கையில் இருக்கின்றன, அவற்றில் சந்தேகமில்லை. அவர் எழுதியது ஒரு பக்கம், அவரைப் பற்றிப் பேசியது ஒரு பக்கம் என்று பிரித்து வைக்கும் இதே பழக்கம் நம் தோட்டத்துச் சாமிக்கும் வேண்டும்.

எல்லாச் சாமியாரையும் பங்கு ஏட்டில் தேட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். தனிநாயக அடிகள் 1960களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார், 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்தினார். அவருடைய தடம் பல்கலைக்கழகத்திலும் மாநாட்டுத் தொகுதிகளிலும் இருக்கும். உங்கள் பட்டியலில் பள்ளிக்கூடம் நடத்திய சாமி இருந்தால் பள்ளிப் பதிவுகளைத் தேடுங்கள், மருந்துப் பெட்டியோடு சுற்றியவர் என்றால் தோட்டத்து டிஸ்பென்சரி ஆட்களைக் கேளுங்கள்.

10. வெளியே தேடுவது

பெயரும் ஆண்டும் கையில் வந்த பிறகு மட்டும். வெறும் "தாடிச்சாமி"யை வைத்துக்கொண்டு எந்த ஆவணக்காப்பகத்திலும் ஒன்றும் கேட்க முடியாது.

பிரெஞ்சுச் சாமி பாரிஸ் வெளிநாட்டு மிஷன் சபையைச் சேர்ந்தவர் என்றால் அந்தச் சபையின் ஆவணக்காப்பகம் அவர்களுடைய வாழ்க்கைக் குறிப்புகளை இணையத்தில் வைத்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பிறந்த ஊர், குருப்பட்ட நாள், கப்பலேறிய நாள், வேலை பார்த்த ஊர்கள், இறந்த இடம். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் ஊர்ப் பெயரும் தேதியும் புரிந்துவிடும். பினாங்கு பொதுக் குருமடத்தில் படித்துப் பட்டம் பெற்ற உள்ளூர் மறைமாவட்டச் சாமிமார் அங்கே இருக்க மாட்டார்கள், அவர்களுக்கு ஆயர் இல்லம்தான். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய பத்திரிகைத் தொகுப்பும் இணையத்தில் இருக்கிறது. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845 முதல், தமிழ் முரசும் உண்டு. வெள்ளிவிழா, கோயில் மந்திரிப்பு (அர்ச்சிப்பு), மரணச் செய்தி எல்லாம் அதில் அகப்படும். பெயரை நான்கைந்து எழுத்துக்கூட்டல்களில் தேடுங்கள்.

11. எழுதுவது

ஒவ்வொரு சாமிக்கும் இரண்டு பகுதி. முதலாவதில் பதிவில் இருப்பது மட்டும்: பெயரின் எல்லா வடிவமும், ஊர், பட்டம், இங்கே முதல் கையெழுத்து, கடைசிக் கையெழுத்து, கட்டியது, தொடங்கியது, அடக்கமான இடம். இரண்டாவதில் சொல்லக் கேட்டது, எந்தத் தோட்டத்தில் வாழ்ந்தவர் சொன்னார் என்ற குறிப்போடு. இரண்டையும் ஒரே பத்தியில் குழைத்துவிட்டால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

"தன்னலமற்ற", "ஒப்பற்ற" மாதிரிச் சொற்களை எல்லாம் எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் எத்தனை தோட்டத்துக்கு எத்தனை நாள் இடைவெளியில் போனார் என்று தேதியோடு எழுதினால் அதற்கு மேல் அடைமொழி தேவைப்படாது.

சண்டை, சாதித் தகராறு, சாமிக்கும் மக்களுக்கும் நடந்த மனக்கசப்பு வந்தால் மறைக்காதீர்கள். கடிதமோ கூட்டக்குறிப்போ இருந்தால் எழுதுங்கள், குடும்பப் பெயர் வேண்டாம். ஆனால் பதிவேட்டில் உள்ள தனிப்பட்ட செய்திகள், தகப்பன் பெயர் இல்லாத பதிவு, தத்துக் கொடுத்தது, இரண்டாம் கல்யாணம், எதுவும் அச்சில் வரக் கூடாது. அந்த ஏட்டை நம்பிக்கையின் பேரில் திறந்து காட்டியிருக்கிறார்கள், அந்தக் குடும்பங்கள் இன்றும் நம் பக்கத்துத் தெருவில் இருக்கின்றன.

12. அச்சுக்கு முன்னும் பின்னும்

கணினியில் தட்டியதை அப்படியே அச்சுக்கு அனுப்பாமல், ஒவ்வொரு ஆண்டையும் நோட்டோடு ஒருவர் படிக்க ஒருவர் சரிபார்க்க வேண்டும். அப்புறம் பெரிய எழுத்தில் ஒரு பிரதி எடுத்து, தகவல் சொன்ன பெரியவர்களுக்கு அவரவர் பகுதியை வாசித்துக் காட்டுங்கள். கண் தெரியாதவர்களும் திருத்தம் சொல்வார்கள், புதுத் தகவலும் அப்போதுதான் வரும், அதனால் இதற்கு ஒரு மாதமாவது ஒதுக்குங்கள்.

புத்தக எண்ணை மலேசியத் தேசிய நூலகத்திடம் அச்சுக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சான பிறகு அங்கே ஐந்து பிரதிகள் ஒப்படைக்கவும் வேண்டும். விழா மலர் என்று பலர் இதைச் செய்வதில்லை. பங்கு அலுவலகத்துக்கு ஒன்று, ஆயர் இல்லத்துக்கு ஒன்று. கைநோட்டையும் படங்களையும் வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளாமல், நோட்டின் நகல் ஒன்றைப் பதிவேடு இருக்கும் அதே அலமாரியில் வைக்கச் சொல்லிப் பங்குச்சாமியாரிடம் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு அவர் கையெழுத்தைத் தேதியோடு வாங்கி வையுங்கள்.